கருப்பட்டிக் காப்பியும் எட்டு பாயிண்ட் ஒன்றும்

ஆகஸ்ட் 4, திங்கள்

எனக்கு டைரி எழுதும் பழக்கம் கிடையாது. டாக்டர் ஹெப்சிபா சொன்னதால் எழுதுகிறேன். "தினமும் என்ன சாப்பிடுறீங்கன்னு ஒரு நோட்டுல எழுதிட்டு வாங்க அனுசுயா. மறைக்காம எழுதணும்" என்றார். நோட்டு வாங்கப் போன அப்பா, கடையில் விற்காமல் கிடந்த இந்த வருஷத்து டைரியை வாங்கிக்கொண்டு வந்து நிற்கிறார். ஏழு மாதப் பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அதில் அம்மா பலசரக்குச் சாமான் எழுதிக்கொள்ளப் போகிறாளாம்.

இதில் மறைக்காமல் எழுதுவேன். டாக்டருக்குக் காட்ட வேண்டியதைத் தனித்தாளில் எழுதிக்கொள்ளலாம்.

விவரம் இதுதான். எனக்கு வயசு முப்பத்திரண்டு. மதுரையில் நில அளவைத் துறையில் வரைவாளர் வேலை. ஆடி பிறந்தால் ஆகாது என்று ஆனிக் கடைசியில் அவசர அவசரமாக எனக்கு வளைகாப்பை முடித்தார்கள். விடுப்பு கிடைத்து, தலைப்பிரசவத்துக்குக் கோவில்பட்டியில் அம்மா வீட்டுக்கு வந்து சேர்ந்தது முந்தாநாள்தான். இன்று இங்கே முதல் பரிசோதனை. ஹீமோகுளோபின் எட்டு பாயிண்ட் ஒன்று. பதினொன்று இருக்க வேண்டுமாம்.

"பிரசவத்துல ரத்தம் போகும். அதைத் தாங்குற உடம்பு இப்ப உங்களுக்கு இல்ல. பத்துக்கு மேல ஏத்திக் காட்டுங்க, இங்கயே பாக்கலாம். இல்லன்னா திருநெல்வேலி பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்துருவேன்" என்றார் டாக்டர். அம்மா நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்து, "ஏத்திருவோம் டாக்டரம்மா" என்றாள். மொட்டைமாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றுகிறவர்கள் இப்படித்தான் சொல்வார்கள்.

காலை: இட்லி ஐந்து. நான் கேட்டது மூன்று. பதினோரு மணி: பீட்ரூட் சாறு. மதியம்: சோறு, முருங்கைக்கீரை, சுவரொட்டி வறுவல். சுவரொட்டி என்றால் ஆட்டு மண்ணீரல். அதைத் தின்றால் ரத்தம் ஊறும் என்று அம்மா சொல்கிறாள். அதைப் பார்த்தாலே எனக்கு இருக்கிற ரத்தமும் வற்றிவிடும் போலிருக்கிறது.

சாப்பிட்டதும் இரும்புச்சத்து மாத்திரை. துருப்பிடித்த ஆணியைச் சப்பின மாதிரி ஒரு ருசி. அதற்கும் அம்மா வழி வைத்திருக்கிறாள். மாத்திரையை நாக்கில் வைத்ததும் ஒரு தம்ளர் கருப்பட்டிக் காப்பி, சுடச்சுட. மாத்திரை போன தடமே தெரியவில்லை. இந்த ஒரு விஷயத்தில் அம்மாவை மெச்சத்தான் வேண்டும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலையிலேயே அம்மா ஹாஸ்டலைத் திட்ட ஆரம்பித்துவிட்டாள்.

எனக்குக் கல்யாணமாகி ஐந்து வருஷம் குழந்தை இல்லை. "உங்க வயசுக்கு முட்டை இருப்பு ரொம்பக் கம்மி" என்று மதுரை டாக்டர் சொன்ன நாளிலிருந்து அம்மாவுக்கு உலகத்தில் ஒரே ஒரு குற்றவாளிதான், நான் பாலிடெக்னிக் படித்தபோது தங்கிய ஹாஸ்டல். அந்தப் பரோட்டாவும் அந்தச் சால்னாவும்தான் என் முட்டையை எல்லாம் பொசுக்கிவிட்டனவாம். ஆஸ்பத்திரி வராந்தாவில் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்களிடம் எல்லாம் சொல்வாள். "மூணு வருசம் ஹாஸ்டல் சோறுங்க, வெளங்குமா?" எதிரே இருக்கிறவள் தன் பெண்ணைத் திரும்பிப் பார்ப்பாள். இந்த ஜில்லாவில் எத்தனை பெண்கள் என் அம்மாவால் படிப்பை நிறுத்தினார்களோ தெரியாது.

சோதனைக்குழாய்க் குழந்தைக்கான சிகிச்சையில் மூன்றாவது தடவை பன்னிரண்டு நாள் ஊசி போட்டுக்கொண்டதில் கிடைத்தது ஒரே ஒரு முட்டை. மற்றவர்களுக்கு எட்டு, பத்து என்று கிடைத்ததாகப் பேசிக்கொண்டார்கள். எனக்கு ஒன்று. அந்த ஒன்றுதான் இப்போது என் விலாவில் உதைத்துக்கொண்டிருக்கிறது. இன்னொன்று கிடைக்காது என்று டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். அதனால் எட்டு பாயிண்ட் ஒன்றை எனக்குச் சாதாரணமாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. நான் அளவைத் துறைக்காரி. அளவு குறைந்தால் எல்லை தப்பும் என்று தெரியும்.

இன்று முட்டை மூன்று. கோழிமுட்டை.

ஆகஸ்ட் 7, வியாழன்

டப்பாவில் பச்சரிசி குறைகிறது என்று அம்மா அடுக்களையில் எலிப்பொறி வைத்திருக்கிறாள். எலி பாவம்.

ஆகஸ்ட் 13, புதன்

டாக்டர் ஹெப்சிபா மாதம் ஒருநாள் கர்ப்பிணிகளுக்கு வகுப்பு எடுப்பாராம். கூடவே துணைக்கு ஒருத்தர் வரவேண்டும். வீட்டில் சட்டம் போடுகிறவர்கள் அவர்கள்தான் என்பது டாக்டருக்குத் தெரிந்திருக்கிறது. பதினைந்து பேர் வயிற்றைத் தள்ளிக்கொண்டு ஒரு பக்கம், பதினைந்து அம்மா மாமியார்கள் எதிர்ப்பக்கம். கபடி ஆட்டம் போலத்தான் இருந்தது.

குங்குமப்பூ சாப்பிட்டால் குழந்தை சிவப்பாகப் பிறக்குமா என்று ஒரு மாமியார் கேட்டார். "குங்குமப்பூ வித்தவர் வீட்டுலதான் கார் சிவப்பா நிக்கும்" என்றார் டாக்டர். அந்த அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது.

பிறகு வயிற்றுப் பிள்ளையின் படம் ஒன்றைச் சுவரில் மாட்டினார். "வயித்துல இருக்கிறது ஆணா பெண்ணான்னு நான் சொல்லமாட்டேன், நீங்களும் கேக்கக்கூடாது. ஆனா பெண்ணா இருந்தா ஒரு விசயம் தெரிஞ்சுக்கோங்க. அவ பின்னால பிள்ளை பெத்துக்கிறதுக்கு வேண்டிய முட்டை எல்லாம் இப்பவே, உங்க வயித்துக்குள்ள இருக்கும்போதே, அவ வயித்துல உண்டாகிருது. பிறந்த பிறகு புதுசா ஒண்ணுகூட உண்டாகாது. நீங்க சாப்பிடுறதுல உங்க பிள்ளைக்கும் பங்கு இருக்கு, உங்க பேரப்பிள்ளைக்கும் பங்கு இருக்கு."

எல்லாரும் ஆச்சரியப்பட்டோம். எனக்கு முன்னாலிருந்த பெண், "அப்ப நான் மூணு பேருக்குச் சாப்பிடணுமா டாக்டர்? ஒருத்திக்கே குமட்டுது" என்றாள். சிரிப்பு அடங்கியதும் எதிர்ப்பக்கத்திலிருந்து அம்மா எழுந்தாள்.

"அது எத்தனாவது மாசத்துல உண்டாகும் டாக்டரம்மா?"

"அஞ்சாவது மாசம் முடியிறதுக்குள்ள பெரும்பாலும் உண்டாகிரும்மா."

"தாய் சரியாச் சாப்பிடலன்னா?"

"அதையும் பாதிக்கலாம்னு ஆராய்ச்சி பண்றவங்க சொல்றாங்க. இன்னும் முழுசாத் தெரியாது."

"பெறகு கூடவே கூடாதா?"

"எண்ணிக்கை கூடாதும்மா. குறையத்தான் செய்யும்."

அம்மா உட்கார்ந்தாள். வகுப்பு முடிந்து பாசிப்பயறுச் சுண்டல் கொடுத்தார்கள். அம்மா வாங்கவில்லை. எங்கேயும் இனாமாகக் கொடுத்த சுண்டலை அம்மா விட்டு நான் பார்த்ததில்லை. வெயில் கடுமையாக இருந்தது, அதனாலாக இருக்கும்.

ஆகஸ்ட் 17, ஞாயிறு

மதுரையிலிருந்து ரத்தினவேல் வந்திருந்தார். என் வீட்டுக்காரர். மின்வாரியத்தில் வேலை. அம்மா அவரைப் பிடித்து உட்கார வைத்து, "மாப்பிள்ள, நீங்க படிச்சவங்க. அஞ்சு மாசம் தாண்டின பெறகு தின்னா பிரயோசனம் உண்டா, இல்லையா?" என்று கேட்டாள். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. "லேட்டா கட்டினாலும் பில்லு கட்டித்தான அத்தை ஆகணும்" என்றார். அம்மா அதை ரொம்ப நேரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

அவர் முன்னாலேயே எனக்கு இரண்டாம் தடவை ஈரல் வைத்தாள். இப்போதெல்லாம் எனக்கு எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்து, நான் வாயில் போடுகிற ஒவ்வொரு கவளத்தையும் தொண்டைவரைக்கும் கூட அனுப்பி வைக்கிறாள். முன்பு இவ்வளவு மோசமில்லை.

இன்னொன்று. நாலு நாளாக அம்மா ஹாஸ்டலைத் திட்டவில்லை. உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டேன். "எனக்கென்ன, கல்லு மாதிரி இருக்கேன். நீ கீரையத் தின்னு" என்றாள்.

ஆகஸ்ட் 20, புதன்

ஒரு ஏற்பாடு செய்திருக்கிறேன். அம்மா மோர் எடுக்க அடுக்களைக்குள் போகிற நேரத்தில் சுவரொட்டி அப்பா தட்டுக்கு மாறிவிடும். அப்பா பஸ் டிரைவராக இருந்தவர், கண்ணாடியில் பின்னால் பார்ப்பதில் கெட்டிக்காரர். "வந்துட்டா" என்று உதட்டை அசைக்காமல் சொல்வார். பத்து நாளில் அப்பாவுக்கு முகத்தில் ஒரு பொலிவு. மாடிப்படியில் இரண்டிரண்டாக ஏறுகிறார்.

டாக்டர் தாளில் சுவரொட்டி சாப்பிட்டதாகத்தான் எழுதியிருக்கிறேன். நம் வீட்டில் யாரோ ஒருவர் சாப்பிட்டால் சரி.

எலி இன்னும் அகப்படவில்லை. அம்மா பொறிக்குத் தேங்காய்ச்சில்லு மாற்றியிருக்கிறாள். பச்சரிசி தின்கிற எலி தேங்காய்க்கு வராது. வாயில் போட்டு நறுக்கென்று கடிக்கிற அந்தச் சத்தமும், மாவாகிறபோது வருகிற அந்த வாசனையும், வேறு எதிலும் கிடையாது. எலிக்கு அப்படி இருக்கும் என்று சொல்கிறேன்.

ஆகஸ்ட் 26, செவ்வாய்

பூமயில் அத்தை வந்தாள். அப்பாவின் தங்கை. எள்ளுருண்டை கொண்டுவந்திருந்தாள். எள் சூடு, கர்ப்பிணிக்கு ஆகாது என்று அவளே சொல்லிக்கொண்டே அவளே முக்கால்வாசியைத் தின்றாள்.

என் தட்டைப் பார்த்து அத்தை வாயைப் பிளந்துவிட்டாள். "ஏ மைனி, என்ன இது, மகளுக்கு இப்படிப் படைக்குத? நீ இவளச் சுமந்தப்ப என்ன தின்ன? சிலேட்டுக்குச்சியும் நீராகாரமும். எங்க அம்மா சோறு போடப் போட, போதும் போதும்னு எந்திரிச்சு ஓடுவ. பள்ளிக்கூடத்துப் பிள்ளைக பையில குச்சி காணாமப் போகும்."

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். "எத்தனை குச்சிம்மா தின்னே? பாக்கெட் பாக்கெட்டாவா?" என்று கேட்டேன். சிரிக்க ஆரம்பித்தால் எனக்கு நிறுத்தத் தெரியாது. குழந்தையே உள்ளே குலுங்கியது.

அம்மா அடுக்களைக்குள் போய்விட்டாள். அத்தை கிளம்பும்வரை வெளியே வரவில்லை. பாத்திரம் ஏதும் அங்கே கழுவாமல் கிடக்கவில்லை, எல்லாம் காலையிலேயே கழுவிக் கவிழ்த்தாயிற்று. அத்தை வீம்பாகப் பேசுவதால் அம்மாவுக்கு அவளைக் கண்டால் எப்போதுமே ஆகாது.

செப்டம்பர் 2, செவ்வாய்

முருங்கைக்கீரை. முருங்கைக்கீரை அடை. முருங்கைக்கீரை சூப்பு. வீட்டு முருங்கை மரம் மொட்டையாகிவிட்டது, இப்போது அம்மா எதிர்வீட்டு மரத்தைப் பார்க்கிறாள்.

செப்டம்பர் 9, செவ்வாய்

எட்டு பாயிண்ட் பூஜ்யம்.

ஐந்து வாரம், ஒரு முழு மரம், எத்தனையோ ஆட்டின் மண்ணீரல். ஏறவே இல்லை. பாயிண்ட் ஒன்று இறங்கியிருக்கிறது. டாக்டர் என் தனித்தாளைப் படித்துப் பார்த்துக் குழம்பிப் போனார். "இவ்வளவு சாப்பிட்டா ஏறியிருக்கணுமே. பச்சரிசி, சாக்பீஸ், சாம்பல், இந்த மாதிரி ஏதாவது சாப்பிடுறீங்களா? ரத்தம் கம்மியா இருந்தா அந்த ஆசை வரும்."

"இல்ல டாக்டர்" என்றேன்.

"மாத்திரை?"

"ஒருநாள்கூட விடல" என்றாள் அம்மா. "நானே கையில எடுத்துக் குடுக்கேன். வாய் கசக்குதுங்கா, அதனால கருப்பட்டிக் காப்பியோட குடுத்துருவேன். கருப்பட்டியிலயும் இரும்பு உண்டுல்லா."

டாக்டர் பேனாவை மூடி வைத்தார். "காப்பியோடயா? தினமுமா?"

"தினமும் டாக்டரம்மா. சுடச்சுட."

காப்பியும் தேநீரும் மாத்திரையில் இருக்கிற இரும்பை உடம்பில் சேரவிடாமல் தடுத்துவிடுமாம். சாப்பாட்டில் இருக்கிறதையும் சேர்த்துத்தான். ஐந்து வாரமாக அம்மா ஒரு கையால் கொடுத்ததை இன்னொரு கையால் அழித்துக்கொண்டே வந்திருக்கிறாள். டாக்டர் திட்டவில்லை. "நிறைய வீட்டுல பண்றதுதான்மா. இனிமே எலுமிச்சைச் சாறோட குடுங்க. ஊசி வழியாவும் இரும்பு ஏத்திருவோம். இன்னும் நாள் இருக்கு" என்றுதான் சொன்னார்.

அம்மா முகத்தில் ஒன்றுமே இல்லை. "நானா" என்று மட்டும் கேட்டாள். "நானா டாக்டரம்மா, இப்பவும்?"

அந்த 'இப்பவும்' எதற்கு என்று டாக்டர் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

செப்டம்பர் 11, வியாழன்

அம்மா சமைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டாள். கோபமெல்லாம் இல்லை. "என் கை ராசியில்ல. ஒங்க அப்பா செய்யட்டும்" என்று சொல்லிவிட்டுப் பின்வாசல் படியில் போய் உட்கார்ந்துவிட்டாள். அடுக்களைப் பக்கம் திரும்பவே இல்லை.

அப்பா உப்புமா கிண்டினார். கரண்டி அதில் நட்டுவைத்தபடி நிற்கிறது. மதியம் குழம்பு என்று ஒன்று வைத்தார், என்ன குழம்பு என்று கேட்டதற்கு, "பொதுவான குழம்பு" என்றார். மாத்திரை எலுமிச்சைச் சாறோடு. ஆணி ருசி அப்படியே இருக்கிறது.

செப்டம்பர் 12, வெள்ளி

உப்புமா.

செப்டம்பர் 14, ஞாயிறு

இதற்குமேல் உப்புமா தின்ன என்னால் ஆகாது. அதனால்தான் அம்மாவிடம் போய்ப் பேசினேன். வேறு காரணம் ஒன்றும் கிடையாது.

பின்வாசல் படியில் அவளுக்குப் பக்கத்தில் உட்காருவதே பெரிய பாடு. உட்கார்ந்ததும் சொல்லிவிட்டேன். "அந்த எலி நான்தான்மா. மூணு மாசமா பச்சரிசி திங்கிறேன். ஒரு நாளைக்கு ரெண்டு டம்ளர். டாக்டர்கிட்ட பொய் சொன்னேன். உன் சுவரொட்டிய எல்லாம் அப்பாதான் தின்னார். காப்பி மட்டும் காரணமில்ல."

அம்மா என்னை ஒரு பார்வை பார்த்தாள். நான் எதிர்பார்த்தது நல்ல ஒரு அடி, அல்லது நாலு வசவு. எனக்கு அது வேண்டியும் இருந்தது.

"பச்சரிசியா?" என்றாள். "எனக்குச் சிலேட்டுக்குச்சி."

பிறகு சொன்னாள். என்னைச் சுமந்தபோது தெருவில் ஒருத்தி பிரசவத்தில் செத்துப் போனாளாம். பிள்ளை பெருத்துவிட்டது, வெளியே வரவில்லை என்று பேசிக்கொண்டார்களாம். அம்மாவுக்கு அப்போது இருபத்தொரு வயசு. பயந்துவிட்டாள். அரை வயிறு சாப்பிட்டால் பிள்ளை சிறுசாக இருக்கும், பிழைத்துக்கொள்வோம் என்று யாரோ சொன்னதைப் பிடித்துக்கொண்டாள்.

"ஆச்சி வீட்டுல சோத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல அனு. அவுக போட்டாக. நாந்தான் திங்கல. நாயிக்கு வச்சேன், மாட்டுத்தொட்டியில போட்டேன். நீ ரெண்டு கிலோகூட இல்ல, எலிக்குஞ்சு மாதிரி பெறந்த. சுகப்பிரசவம்னு சந்தோசப்பட்டேன். அன்னைக்கு அந்த டாக்டரம்மா படத்த மாட்டிச் சொல்லச் சொல்ல, எனக்கு எல்லாம் ஞாபகம் வந்துட்டு. அஞ்சு வருசம் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியா அலைஞ்சியே, ஊசி ஊசியாக் குத்திக்கிட்டியே. எல்லாம் நான் மாட்டுக்குப் போட்ட சோறு."

அம்மா அழுவதை நான் அதிகம் பார்த்ததில்லை. அவள் அழுதால் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரியாது.

"டாக்டர் முழுசாத் தெரியாதுன்னுதான் சொன்னாங்க. ஆயிரம் காரணம் இருக்கும்மா" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள், நம்பவில்லை.

"ஹாஸ்டல்ல வாரத்துல நாலு நாள் பரோட்டா தின்னேன்மா. நீயே சொல்லுவியே. அதுதான்."

"பொய் சொல்லாத. ஒனக்குப் பரோட்டா பிடிக்காது."

பிடிக்கும். ஆனால் அதை இப்போது நிரூபிக்க வழியில்லை. எழுந்திருக்க அம்மாதான் கை கொடுத்தாள். இரண்டு பேரும் அடுக்களைக்குள் போனபோது அப்பா மறுபடியும் ரவையை வறுத்துக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியைப் பிடுங்கினாள். அப்பா எதிர்ப்பே தெரிவிக்கவில்லை.

செப்டம்பர் 16, செவ்வாய்

முதல் இரும்பு ஊசி, சலைன் பாட்டிலில் கலந்து. கருப்பட்டிப் பாகு நிறத்தில் இருக்கிறது. மொத்தம் ஐந்து, ஒருநாள் விட்டு ஒருநாள். பச்சரிசி விஷயத்தை டாக்டரிடம் ஒப்புக்கொண்டேன். "தெரியும். உங்க பல்லப் பாத்தப்பவே தெரியும்" என்றார்.

அம்மா வீட்டிலிருக்கிற அரிசி அத்தனையையும் எதிர்வீட்டில் கொண்டுபோய் வைத்துவிட்டாள். வேளாவேளைக்குப் போய் அளந்து வாங்கி வருகிறாள். எதிர்வீட்டு முருங்கை மரமும் அந்தப் பேச்சுவார்த்தையில் சேர்ந்துவிட்டது.

செப்டம்பர் 30, செவ்வாய்

ஒன்பது பாயிண்ட் இரண்டு. அம்மா அந்தச் சீட்டை வாங்கி, கண்ணாடி போட்டு, தலைகீழாகவும் ஒருமுறை பார்த்தாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

பத்து பாயிண்ட் மூன்று. இங்கேயே பிரசவம் பார்க்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். சந்தோஷத்தில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அப்பாவும் ஆசைக்கு ஒரு சோதனை செய்துகொண்டார். பதினாறு பாயிண்ட் நான்கு. நர்ஸ் அவரிடம் ஐயா விளையாட்டு வீரரா என்று கேட்டார்.

ஆனால் அம்மா முழுசாகத் தெளியவில்லை. சாப்பாடு வைக்கிறாள், சண்டை போடுகிறாள், எல்லாம் சரிதான். திடீரென்று கரண்டியோடு நின்றுவிடுவாள். இன்று எண்ணெய் தேய்த்துவிடும்போது வயிற்றில் கை வைத்து, "பையனாப் பெறந்துட்டா நல்லது" என்றாள். அம்மா அப்படிப் பேசுகிறவள் இல்லை. "ஏன்" என்று கேட்டேன். "பையன்னா முட்டை கெட்டுப் போயிருக்குமோன்னு நெனைக்க வேண்டியதில்ல பாரு" என்றாள்.

கத்திவிட்டேன். "என் பிள்ளைக்கு ஒண்ணும் கெட்டுப் போகல. வாய மூடு." அம்மா வாயை மூடிக்கொண்டாள், அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அக்டோபர் 20, திங்கள்

தீபாவளி. முறுக்கு ஒன்று, அதிரசம் ஒன்று. எள்ளுருண்டை பூமயில் அத்தைக்கு.

அக்டோபர் 30, வியாழன்

நேற்றுக் காலை பத்தரைக்குப் பிறந்தாள். பெண். இரண்டு கிலோ எண்ணூறு. வலி எடுத்த ஒன்பது மணி நேரத்தைப் பற்றி எழுதப் போவதில்லை, எழுதினால் ரத்தினவேல் படிப்பார். ரத்தம் போனது. தாங்கினேன். டாக்டர் ஹெப்சிபா, "பாத்தீங்களா, இதுக்குத்தான் அந்தப் பாடு படுத்தினேன்" என்றார்.

பெண் என்று சொன்னதும் அப்பா அழுதார், ரத்தினவேல் அழுதார், அத்தை போனிலேயே அழுதாள். அம்மா அழவில்லை. குழந்தையை வாங்கித் துணியைப் பிரித்து, கை விரல், கால் விரல் எல்லாம் பார்த்தாள். மறுபடி சுற்றினாள். மத்தியானம் டாக்டர் என்னைப் பார்க்க வந்தபோது அவரை வழிமறித்து நின்றாள். புடவைத் தலைப்பைக் கையில் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

"டாக்டரம்மா, பிள்ளைக்கு முட்டை எல்லாம் சரியா இருக்கா?"

டாக்டருக்குப் புரியவில்லை. "என்ன முட்டைம்மா?"

"நீங்க சொன்னீகளே, பெறக்கும்போதே வந்துருமின்னு. எங்க அனுவுக்குக் கொறஞ்சு போச்சு. இவளுக்காவது நெறைய வந்திருக்கான்னு ஏதாச்சும் மெசின் வச்சுப் பாத்துச் சொல்லுங்க. இவ கல்யாணமாகி ஆஸ்பத்திரிக்கு அலையக்கூடாது. அப்ப நான் இருக்கமாட்டேன்."

கூட இருந்த நர்ஸ் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டாள். எனக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது. பிறந்து நாலு மணி நேரம் ஆகிறது, கண்கூடச் சரியாகத் திறக்கவில்லை, அதற்குள் கல்யாணத்துக்குப் போய்விட்டாள். டாக்டர் சிரிக்கவில்லை. அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "அதை இப்ப எண்ணிப் பாக்க முடியாதும்மா. பிள்ளை நல்ல எடையில, நல்லா இருக்கா. இப்போதைக்கு அது போதும்" என்றார்.

அவர் போன பிறகு அம்மா தொட்டில் பக்கத்தில் நின்றுகொண்டே இருந்தாள். எனக்கு அப்போதுதான் அது தோன்றியது. ரெண்டு மாசமாக எப்படித் தோன்றாமல் போனதோ தெரியவில்லை.

"அம்மா, இவ எதுல இருந்து வந்தா?"

"எதுல இருந்துன்னா?"

"அந்த ஒத்தை முட்டையில இருந்து. பன்னெண்டு நாள் ஊசி போட்டு எடுத்தாங்களே, அதுல இருந்து. அது எப்ப உண்டாச்சு?"

அம்மா யோசிக்கிறாள் என்று தெரிந்தது.

"நான் உன் வயித்துக்குள்ள இருந்தப்ப உண்டாச்சு. டாக்டர்தான சொன்னாங்க, பெறகு புதுசா ஒண்ணுகூட வராதுன்னு. நீ திங்காம கொள்ளாம கெடந்தியே, அப்ப உண்டானவ இவ. முப்பத்திரண்டு வருசம் கெடாம இருந்து வந்திருக்கா. உன் வயித்துலயும் இருந்துட்டுத்தான் என் வயித்துக்கு வந்தா."

அம்மா குழந்தையைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி குழந்தையைப் பார்த்தாள். "நெசமாவா?" என்றாள். நெசம் என்றேன். "அளந்து சொல்லுதியா, சும்மா சொல்லுதியா?" என்றாள். அளந்துதான் சொல்கிறேன் என்றேன். பிறகு அவள் அழுதாள். நல்லா, சத்தமாக, மூக்கைச் சிந்திக்கொண்டு. நானும் அழுதேன், தையல் போட்ட இடம் சுரீர் சுரீர் என்று வலித்தது, ஆனாலும் நிறுத்த முடியவில்லை.

கொஞ்ச நேரம் கழித்து முகத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா போனை எடுத்தாள். வராந்தாவுக்குப் போய்ப் பேசினாள், ஆனால் அவள் போனில் பேசினால் ஆஸ்பத்திரி முழுக்கக் கேட்கும்.

"ஏ பூமயிலு, ஒரு விசயம் கேட்டுக்கோ. அந்தப் பிள்ளை மொதல்ல உண்டானது என் வயித்துலயாம்ட்டி. அனுதான் சொல்லுதா, அளந்து சொல்லுதா. அவ சுமந்தது பத்து மாசம்தான். மீதிய நான்தான் சுமந்திருக்கேன். நீ என்னமோ சொன்னியே, நான் ஒண்ணும் திங்கலன்னு. ஏன் திங்கல? தின்னுருக்கேன், எல்லாம் தின்னுருக்கேன்."

நாளைக்குள் கோவில்பட்டி முழுக்கத் தெரிந்துவிடும். சொல்லிக்கொள்ளட்டும்.